நரி மொறை

நத்தக்கரட்டுல கரிநாள் அன்னிக்கு யாரும் கண்ணத் தொறந்து எந்திரிக்க மாட்டாங்க. முந்துன நாளு படுக்கும்போதே தலமாட்டுல ஒரு துண்ட மடிச்சு வச்சுக்கிட்டு, முழிப்பு வந்ததும் கண்ண மூடுனவாக்குல அத எடுத்துக் கட்டிக்கிட்டு, செவுத்தத் தடவித் தடவி வந்து வாசப்படியில வரிசையா உக்காந்துருவாங்க, கைக்கொழந்தைக்குக்கூட அம்மாக்காரி முந்தானையப் போட்டு மூடியிருப்பா. ஊருக்குப் பின்னால இருக்குற பாறைக் கரட்டுல வலை வச்சுப் புடிச்ச நரியத் தோள்ல சுமந்துகிட்டு மேளத்தோட வாசல் வாசலா வருவாங்க, எந்த வீட்டுக்கு மொதல்ல எந்த வீட்டுக்கு அப்பறம்ங்கிறதெல்லாம் வயலுக்குப் பாச்சுற ஏரித்தண்ணி மொறை எப்படியோ அப்படித்தான், மேளம் நம்ம வாசல்ல நின்னதும் துண்ட அவுக்கணும், அன்னிக்கு மொதமொத நீங்க பாக்குற மூஞ்சி நரியோட மூஞ்சியா இருக்கணும், அப்படி அமைஞ்சிட்டா அந்த வருஷம் ஏரி நெறையும், கெழங்கு பெருக்கும், பொண்ணுக்கு மாப்பிள்ளை வருவான். நரிக்கு என்ன வரும்னு யாரும் கேட்டதில்ல.

கடிச்சிரக் கூடாதுன்னு நரியோட வாய மஞ்சக் கயித்தால இறுக்கிக் கட்டியிருப்பாங்க. கோயில மூணு சுத்து சுத்தி முடிச்சதும் கயித்த அவுத்துக் கரட்டடியில விட்டுட்டா அது திரும்பிக்கூடப் பாக்காம ஓடிரும். காலங்காலமா இப்படித்தான் நடந்துச்சு, காலங்காலமா கரட்டுல நரி இருந்துச்சு, அதனால யாருக்கும் ஒன்னும் தோணல.

அப்பறம் கரட்டுல பாதிய தர்மகர்த்தா அர்த்தனாரி குத்தகைக்கு எடுத்து வெடி வச்சு ஜல்லியா அடிச்சு லாரியில ஏத்திட்டாரு. மிச்சப் பாதியில இருந்த நரிங்கள, மக்காச்சோளத்துக்கு ஊர்க்காரங்க வச்ச எலி மருந்து பாத்துக்கிச்சு. மருந்து தின்ன எலியத் தின்ன ஆந்தை வேலி முள்ளுலயே தலைகீழாத் தொங்குச்சு, சாரைப்பாம்பு வரப்புல வெறைச்சுக் கெடந்துச்சு, கீரி போச்சு, பூனை போச்சு, நரி ஒன்னொன்னா வாயில நொரை தள்ளிப் போச்சு. எலிக்கு மட்டும் ஒன்னும் ஆவல. பத்து செத்தா நூறு வந்துச்சு. இதுல என்ன அதிசயம்னா இதையெல்லாம் பண்ணுன அதே ஆளுங்கதான் தை பொறந்தா நரியக் காணோமே காணோமேன்னு வலையத் தூக்கிக்கிட்டு அலைஞ்சாங்க.

போன வருஷம் மூணு நாளு அலைஞ்சு ஒரே ஒரு நரி கெடைச்சுது, ஒரு காது கிழிஞ்ச பெட்டை நரி. வலைக்காரன் மாதேசன் அதத் தூக்கும்போதே சொன்னாரு, "இத்தோட முடிஞ்சுதுங்க. இதுக்கு மேல கரட்டுல மூச்சு இல்ல."

"அப்பறம் எதுக்கு இத உடறது?" அப்படின்னாரு அர்த்தனாரி. "தேர்க் கொட்டாயில வச்சுப் பூட்டுங்க. அடுத்த வருஷத்துக்கு ஆச்சு."

எல்லாருக்கும் இது ரொம்பப் புத்தியான யோசனையாத் தெரிஞ்சுது. கடைசி நரின்னு தெரிஞ்சதும் அத விட்டுரணும்னு தோணாம எடுத்துப் பத்திரப்படுத்தணும்னு தோணுறது நத்தக்கரட்டுக்காரங்களுக்கு மட்டுந்தான். கோயில் சுத்து முடிஞ்ச கையோட அதக் கொட்டாயில அடைச்சு, தேர்ச்சக்கரத்துக்குப் பக்கத்துல தட்டுல பொங்கல் வச்சாங்க, பாலு வச்சாங்க, கரிநாளு கோழிக்காலு வச்சாங்க, அது எதையும் தொடல. வெரதம் இருக்குதுன்னு சொல்லிக் கும்புட்டுட்டுப் போனாங்க. பதினாறாம் நாளு அது செத்துப்போச்சு. பொதைக்கத் தூக்குனப்பத்தான் மாதேசன் பாத்தாரு, வாயில கட்டுன மஞ்சக் கயிறு அப்படியே இருந்துச்சு. மாதேசன் அவுத்திருப்பாருன்னு அர்த்தனாரியும், அர்த்தனாரி அவுத்திருப்பாருன்னு மாதேசனும், பூசாரி அவுத்திருப்பாருன்னு ரெண்டு பேரும் இருந்துட்டாங்க. கயித்தோடயே பொதைச்சாங்க.

ஒருத்திக்கு மட்டும் முன்னாலயே தெரியும். கீழத்தெரு பவளாயி மக சங்கவி, சேலத்துல பி.எஸ்சி கணக்குப் படிக்கிறவ. நாலாம் நாளு காலையில காலேஜுக்குக் கெளம்புறப்ப, நரியோட சேந்து ஒரு போட்டோ எடுக்கலாம்னு கொட்டாய்க் கம்பி வழியாப் போனை நீட்டுனவ, அந்தக் கயித்தப் பாத்தா. நரி அவளப் பாத்துச்சு. அதுக்குள்ள ஆறு பத்து பஸ்ஸு ஆரன் அடிச்சுது, மாதேசன் மாமா அவுத்துருவாருன்னு நெனச்சுக்கிட்டு ஓடிப்போய் ஏறிட்டா. அந்தப் போட்டோ இன்னும் அவ போன்ல இருக்கு. யாரு பேச்சயும் ஏத்துக்காத வாயி, வாத்தியாரையே மடக்குற வாயி, அந்தக் கயித்தப் பத்தி மட்டும் யாருகிட்டயும் தொறந்ததே இல்ல.

ஆடி மாசம் கடலை வெதைச்ச எட்டாம் நாளு, மாடு திரும்புற நேரத்துல, மாதேசன் வாசப்படியத் தாண்டுனாரு, அவருமேல பசி எறங்குச்சு. சோத்துப் பசி இல்ல. பொண்டாட்டி போட்ட சோத்தத் தள்ளி வச்சுட்டு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, மூக்கத் தூக்கிக் காத்த ஒரு இழு இழுத்துட்டு வரப்புல எறங்கிப் போனாரு. விடிஞ்சு வர்றப்ப முட்டியெல்லாம் மண்ணு, மீசையில எலி மயிரு. "நல்லாத் தூங்குனேன்" அப்படின்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துக்கிட்டாரு. அடுத்த நாளு பக்கத்து வீட்டு ரேசன் கடைப் பழனிமுத்து. அதுக்கு அடுத்த நாளு அடுத்த வீடு. வீட்டுக்கு ஒருத்தரு, அந்த நேரத்துல வாசப்படியத் தாண்டுற மொத ஆளு. நாலு நாளு ஆனதும் ஊருக்குப் புரிஞ்சுபோச்சு, ஏரித்தண்ணி மொறை எப்படியோ அதே வரிசை. "ஓ, இது மொறையா" அப்படின்னாங்க. மொறைன்னு ஆனதும் பயம் போயிருச்சு, ஏன்னா மொறையா வர்றதுக்கெல்லாம் பயப்பட்டா அந்த ஊர்ல யாரும் பொழைக்க முடியாது.

நரி மொறைன்னு பேரு வச்சாங்க. மொறைக்கார வீட்டு வாசல்ல ஒரு சொம்பு தண்ணியும் துண்டும் வைக்கிறது பழக்கமாச்சு. கல்யாணத் தேதி குறிக்கிறப்ப மொறை பாத்துக் குறிச்சாங்க. வெளியூர்ல இருந்து பொண்ணு குடுக்க வந்தவங்க, ஏரித்தண்ணி மொறை மாசத்துக்கு எத்தன, நரி மொறை எத்தனன்னு கேட்டுட்டுத்தான் தட்டு மாத்துனாங்க. டீச்சரம்மா ஒருத்தி "நரி மொறை காரணமாக" அப்படின்னே லீவு லெட்டரு எழுதுனா, ஹெட்மாஸ்டரு அதுல ஒரு சந்திப்பிழையத் திருத்திட்டுக் கையெழுத்துப் போட்டாரு. கடலை நல்லா வந்துச்சு. எலிப் பொந்து அடைஞ்சுது, மயிலுங்க வயலுக்குள்ள எறங்க யோசிச்சுது, புரட்டாசியில வந்த வேளாண்மை ஆபீசரு வரப்புல நடந்து பாத்துட்டு, "எலியே காணோமே, என்ன மருந்து வைக்கிறீங்க?" அப்படின்னு கேட்டாரு. "ஊர்க்கட்டுப்பாடுங்க" அப்படின்னாரு அர்த்தனாரி. ஆபீசரு அத அப்படியே எழுதிக்கிட்டுப் போனாரு.

ஆனா அர்த்தனாரி வீட்டு மொறை வந்தப்ப அர்த்தனாரிக்கு அது சரிப்படல. கோயில் தர்மகர்த்தா வரப்புல குந்தி எலி திங்கிறதாவது. பவளாயி வீட்டு வாசல்ல வந்து நின்னாரு.

"பவளாயி, எங்க மொறைய எடுத்துக்கறியா? செவ்வாக்கெழமை ஏரித்தண்ணி எங்களுது, அத நீ பாச்சிக்க."

பவளாயி புருசன் ஆழ்கெணறு தோண்டுற போர் வண்டியில வடக்க போனவன், வருஷத்துக்கு ஒருக்கா வர்றவன். கடைமடையில இருக்குற அவ மரவள்ளிக் குச்சிக்கெழங்குக் காட்டுக்கு மேலத்தெருக்காரங்க பாச்சுனதுபோக மிச்சந்தான் வரும், மிச்சம் வந்ததே இல்ல. கெழங்கு வெரல் மொத்தம்கூட ஆவாம நின்னுச்சு. அவ யோசிக்கவே இல்ல.

"எடுத்துக்கறேங்க மாமா."

அவ்வளவுதான். செவ்வாக்கெழமை தண்ணி வந்துச்சு, அன்னிக்குச் சாயங்காலம் பசியும் வந்துச்சு. அதப் பாத்துட்டு மேலத்தெருவுல ஒவ்வொருத்தரா வந்து வாசல்ல நின்னாங்க, மருமகளுக்கு மாசம்னாங்க, மவன் இன்டர்வியூவுக்குப் போறான்னாங்க, வயித்துப்புண்ணுன்னாங்க, கடைசிக்கு ஒன்னும் சொல்லாமலே கேட்டாங்க, அவ எடுத்துக்கறேன் எடுத்துக்கறேன்னு எல்லாத்தையும் வாங்குனா. கார்த்திகை பொறந்தப்ப மாசத்துல நாலஞ்சு நாளு தவுத்து அத்தனையும் அவதான். குச்சிக்கெழங்கு தோள் ஒசரம் நின்னுச்சு, பச்சைன்னா பச்சை அப்படி ஒரு பச்சை.

சங்கவி வாரா வாரம் விடுதியில இருந்து வர்றப்பல்லாம் அம்மா கொஞ்சம் கொஞ்சமாக் கொறைஞ்சுகிட்டே இருந்தா. மொதல்ல சோறு கொறைஞ்சுது. அப்பறம் பேச்சு. பகல்ல அடுப்புச் சாம்பலுக்குப் பக்கத்துல காலையும் கையையும் சுருட்டிக்கிட்டுத் தூங்குனா, வாசல் வழியா வராம சுவத்து ஓரமாவே சுத்தி வந்து பின்கட்டு வழியா நொழைஞ்சா, பஸ்ஸு ஏரிக்கரையில திரும்புறப்பவே சங்கவி வர்றது அவளுக்கு வாசத்துலயே தெரிஞ்சுது.

"என்னம்மா இது, முட்டியெல்லாம் மண்ணு?"

"உங்கப்பன் மிசின வச்சுத் தோண்டறான், நான் கையால தோண்டறேன். குடும்பத் தொழிலு."

"வெளையாடாத. எலியத் திங்கிறதுக்கு உனக்கு அருவருப்பா இல்லியா?"

"திங்கிறப்ப அருவருப்பு இல்ல. காலையில பல்லு வெளக்குறப்பத்தான் கொஞ்சம்." பவளாயி பல்லுல குச்சி போட்டுக்கிட்டே சொன்னா. "உங்க விடுதிக் கொழம்பு மாதிரி வச்சுக்கவேன்."

"அவங்க மொறைய அவங்க பாக்கட்டும்மா. உனக்கென்ன தலையெழுத்தா?"

"தண்ணி வருதுல்ல கண்ணு."

அந்தத் தண்ணியில வெளைஞ்ச கெழங்கத்தான் சங்கவி விடுதிக்கு அவிச்சு எடுத்துக்கிட்டுப் போனா. அது அவளுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சதால கோவம் இன்னும் ஏறுச்சு, யாருமேலன்னு தெரியாம எல்லார்மேலயும் ஏறுச்சு.

கார்த்திகையில ஒரு நாளு ஒரு தப்பு நடந்துபோச்சு. பழனிமுத்து தன் மொறைய எடுத்துக்கச் சொல்லி நேர்ல வராம போன்ல சொன்னான், பவளாயி சரின்னா, ஆனா அன்னிக்குச் சாயங்காலம் ரெண்டு பேர்மேலயும் பசி எறங்கிருச்சு. வெளக்கு வைக்கிறதுக்குள்ள கீழ்வயல் எலி தீந்துபோச்சு. பவளாயி மேல்வயலுக்குப் போயிட்டா. பழனிமுத்து எங்க போனான்னா, மாதேசன் ஆட்டுப்பட்டிச் சுவத்துமேல தாடைய வச்சுக்கிட்டு நின்னான். "என்ன மாப்ள?" அப்படின்னு மாதேசன் கேட்டதுக்கு, "சும்மா, பாத்துக்கிட்டிருக்கேன்" அப்படின்னான். வாயோரம் வழியிறதத் தொடைக்கக்கூட இல்ல. விடிஞ்சப்ப ஒரு குட்டியக் காணோம். அவன் வேற குட்டி வாங்கிக் குடுத்துட்டான், ஊரும் ஒரு சட்டம் போட்டுச்சு: மொறை மாத்துறதுன்னா வாசப்படியில நேர்ல வந்து கேக்கணும், எடுத்துக்கறேன்னு வாய்விட்டுச் சொல்லணும், சொன்னாத்தான் மாறும். சட்டம் போட்டதும் விசயம் முடிஞ்சுதுன்னு எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க.

சங்கவி மட்டும் அம்மாவக் கேட்டா. "ரெண்டு பேருக்கு வந்ததுக்கே ஆட்டுக்குட்டி போச்சு. பத்துப் பேருக்கு ஒரே நாள்ல வந்தா?"

பவளாயி அடுப்புச் சாம்பலக் கெளறி விட்டா. அப்பறம் சொன்னா, "இந்தக் கரட்டுக்கும் இந்த வயலுக்கும் ஒரு வயிறுதான் கண்ணு தாங்கும். அளந்து வச்ச மாதிரி. எனக்கு உள்ளுக்குள்ள தெரியுது."

மார்கழி போயித் தை வந்துச்சு. பொங்கல் அன்னிக்குச் சாயங்காலம் கோயில்ல ஊரு கூடுச்சு. எல்லாரு மூஞ்சியிலயும் ஒரே கவலை, நாளை மறுநாளு கரிநாளு, நரி இல்ல. வெள்ளாமை இந்த மாதிரி வந்த வருஷம் இல்ல, இப்பப் போயி நரி மூஞ்சியில முழிக்காம விட்டா அத்தனையும் கை நழுவிப் போயிருமேன்னு பேசிக்கிட்டாங்க. அப்பறம் பேச்சு கொஞ்சம் கொஞ்சமா ஓய்ஞ்சு, ஒவ்வொருத்தரா, கோயில் மதில் ஓரத்துல தனியா குந்தியிருந்த பவளாயியப் பாத்தாங்க.

"ஒரு நாளைக்குத்தான்" அப்படின்னாரு அர்த்தனாரி.

சங்கவி எந்திரிச்சா. "என்ன ஒரு நாளைக்கு?"

"நீ உக்காரு கண்ணு. பெரியவங்க பேசறோம்."

"பேசுங்க பெரியப்பா, நானும் கேக்கறேன். எங்கம்மாவ வலை போட்டுப் புடிச்சு வாயக் கட்டித் தூக்கிக்கிட்டுப் போவீங்க, அதத்தான் பேசறீங்க?"

"தூக்குறதா? நடந்துதான் வரும். உங்கம்மாவுக்கு மரியாதை கொறையுமா? மாலை போட்டு, மேளம் வச்சு."

"போன வருஷமும் மாலை போட்டீங்க."

கூட்டத்துல யாரோ இருமுனாங்க. மாதேசன் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அர்த்தனாரி சிரிச்சாரு.

"பாரஸ்ட்காரங்க வந்து பைன் போடுவாங்கன்னு பயப்படறியா? நரியப் புடிச்சாத்தான் பைனு. பவளாயிக்கு ஆதார் கார்டு இருக்குது."

எல்லாரும் சிரிச்சாங்க. சங்கவிக்குக் காதுல இருந்து கழுத்து வரைக்கும் எரிஞ்சுது. "கரட்டத் தின்னீங்க, நரியத் தின்னீங்க, இப்ப எங்கம்மாவத் தின்ன வந்திருக்கீங்க. எலி திங்கிறது மட்டுந்தான் உங்களுக்கு அசிங்கம். உங்க பசிய வாங்கிக்க ஆளு வேணும், அந்த ஆளு மூஞ்சியில முழிச்சு நல்லா இருக்கவும் வேணும். வெக்கமா இல்ல?"

"வருஷம் பூரா கடைமடைக்கு மொதத் தண்ணி" அப்படின்னாரு அர்த்தனாரி, சங்கவியப் பாத்து இல்ல, மதில் ஓரத்தப் பாத்து.

பவளாயி தலையத் தூக்குனா. வெளக்கு வெளிச்சம் அவ கண்ணுல பட்டுப் பச்சையாத் திரும்புச்சு. "எடுத்துக்கறேங்க மாமா" அப்படின்னா.

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் சங்கவி திட்டிக்கிட்டே வந்தா. பவளாயி கடைசியில வாசல்கிட்ட நின்னு, "கரிநாளு காலையில நீ துண்டு கட்டிக்காத" அப்படின்னா. "என் மூஞ்சியப் பாக்காத. எனக்குப் பின்னாலயே வா."

"ஏன்?"

"சொன்னாக் கேளு கண்ணு. எதுக்கெடுத்தாலும் ஏன் ஏன்னு."

கரிநாளு விடியறதுக்கு முன்னாடியே பவளாயி கரட்டடிக்குப் போயிட்டா. சங்கவி போய்ச் சேந்தப்ப மாதேசனும் இன்னும் நாலு பேரும் வலையப் போத்தி அவள முன்னால நிறுத்தியிருந்தாங்க, சங்கவிக்கு முதுகுதான் தெரிஞ்சுது, வலைக்குள்ள சுருண்ட சேலையும், முடி அள்ளிச் செருகுன பின்கழுத்தும், பின்மண்டையில மஞ்சக் கயித்து முடிச்சும். இறுக்கமான முடிச்சு. "என்ன மன்னிச்சிரு தாயி" அப்படின்னு மாதேசன் யாருகிட்டச் சொன்னாருன்னு தெரியல.

மேளம் கெளம்புச்சு. ஊரே கண்ணக் கட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்திருந்துச்சு. மொதத் தெருவுல மொத வீடு. பவளாயி நின்னா. வீட்டுக்காரங்க துண்ட அவுத்து அவ மூஞ்சியப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டாங்க. பவளாயி அவங்கள ஒருத்தர் விடாமப் பாத்தா, பாத்துட்டுக் கட்டுன வாயோட மூக்கு வழியா நீளமா ஒரு மூச்ச விட்டா, அந்த மூச்சு பட்டதும் அந்த வீட்டுக் கெழவரு குளுருதுன்னு துண்ட இழுத்துப் போத்திக்கிட்டாரு. அடுத்த வீடு. அடுத்த வீடு. ஏரித்தண்ணி மொறை எப்படியோ அப்படியே, ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்து, ஒவ்வொரு மூச்சா விட்டுக்கிட்டே போனா. பின்னால போன சங்கவிக்கு அம்மாவோட முதுகு தெரிஞ்சுது. கெளம்புறப்ப கூன் விழுந்து முன்னால சாஞ்சிருந்த முதுகு. அஞ்சாறு வீடு தாண்டுனதும் கொஞ்சம் நிமுந்துச்சு. மேலத்தெரு முடியறப்ப இன்னும் நிமுந்துச்சு. அர்த்தனாரி வீட்டு வாசல்ல, அவரும் அவரு மவனும் மருமவளும் பேரப்புள்ளைங்களும் வரிசையா உக்காந்து துண்ட அவுத்தப்ப, அவ ரொம்ப நேரம் நின்னா. மேளக்காரன் அடிச்சு அடிச்சுக் கையோஞ்சு, தானும் அவ மூஞ்சிய எட்டிப் பாத்தான். வலையப் புடிச்சிருந்த நாலு பேரும் பாத்தாங்க. மாதேசனும் பாத்தாரு.

கோயில மூணு சுத்து சுத்தி முடிஞ்சுது. தேர்க் கொட்டாய்க் கதவு தொறந்திருந்துச்சு. உள்ள தட்டு இருந்துச்சு, பொங்கல் இருந்துச்சு.

"கொஞ்ச நாளைக்கு இங்கயே இருக்கட்டும்" அப்படின்னாரு அர்த்தனாரி. "அடுத்த வருஷத்துக்கும் வேணுமில்ல."

சங்கவி கேக்கல, கத்தல, சண்ட போடல. அவ வாழ்க்கையில மொதத் தடவையா ஒரு பதிலும் சொல்லாம, பின்னால நின்னவாக்குல, வலைக் கண்ணி வழியா ரெண்டு கையையும் விட்டு, பின்மண்டையில இருந்த முடிச்சப் புடிச்சா. நகம் ஒடஞ்சுது. ஒரு வருஷமாப் போன்ல வச்சுப் பாக்காம வச்சிருந்த அந்தக் கயிறு, கடைசி சுத்து பிரிஞ்சு அவ கைக்கு வந்துச்சு. யாரும் தடுக்கல. தடுக்கணும்னு தோணாத மாதிரி எல்லாரும் தலையச் சாச்சுக் காத்த மோந்துகிட்டு நின்னாங்க.

பவளாயி பெரிசா ஒரு கொட்டாவி விட்டா. வலையத் தானே தலைக்கு மேல தூக்கிப் போட்டுட்டுத் திரும்புனா. சாதாரணமா, தூங்கி எந்திரிச்ச மூஞ்சி.

"வீட்டுல சோறு இருக்கா கண்ணு?"

அன்னிக்கு மத்தியானம் நத்தக்கரட்டுல வீட்டுக்கு வீடு கறி கொதிச்சுது, யாரும் திங்கல. எலை போட்டு, சோறு போட்டு, கறி ஊத்தி, எல்லாரும் எலையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க, கொழம்புமேல நெய் கட்டி வெள்ளையா ஒறைஞ்சுது. பவளாயி வீட்டுல மட்டும் பழைய சோத்துப் பானை கால்வாசி கொறைஞ்சிருந்துச்சு.

"என்னம்மா பண்ணுன?" அப்படின்னு கேட்டா சங்கவி.

"நான் என்ன பண்ணுனேன். வாங்கி வாங்கி வச்சிருந்தேன். அவங்கவங்களுத அவங்கவங்களுக்குக் குடுத்துட்டேன்." பவளாயி ஊறுகாயத் தொட்டு நக்குனா. "கதவச் சாத்து. தாப்பா போட்டு உலக்கைய முட்டுக் குடு."

மாடு திரும்புற நேரம் வந்துச்சு. சங்கவி சன்னல் சந்து வழியாப் பாத்தா. மேலத்தெருவுல இருந்து கீழத்தெரு வரைக்கும் ஒவ்வொரு வாசப்படியிலயும் எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க, ஆம்பளை, பொம்பளை, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க, கெழவரு, டீச்சரம்மா, பழனிமுத்து, மேளக்காரன், ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்காம, ஒரே நேரத்துல வாசப்படியத் தாண்டி, ஒரே நேரத்துல மூக்கத் தூக்கி, வரப்புல எறங்குனாங்க. மக்காச்சோளத் தட்டை நடுவுல தலைங்க குனிஞ்சு மறைஞ்சுது. கொஞ்ச நேரம் கீச்சு கீச்சுன்னு எலிச் சத்தம் வயல் பூராக் கேட்டுச்சு. அப்பறம் அது நின்னுபோச்சு. அவ மனசுக்குள்ள வகுத்துப் பாத்தா, ஒரு வயிறு தாங்குற வயலு, முந்நூறு வயிறு. கணக்கு படிச்ச புள்ளைக்கு அதுக்கு மேல வகுக்கத் தேவையில்ல.

மயிலு கத்துச்சு, நின்னுச்சு. கோழிக்கூட்டுல ஒரு சத்தம், நின்னுச்சு. மாதேசன் பட்டியில ஆடுங்க ஒன்னா அலறி, ஒவ்வொன்னாக் கொறைஞ்சு, கடைசி ஆடும் நின்னுச்சு. மாடுங்க கட்டுத்தறிய அறுத்துக்கிட்டு ரோட்டுல ஓடுற சத்தம் ஏரிக்கரை வரைக்கும் போச்சு. நாய்ங்க ஒன்னுகூடக் கொரைக்கல. எல்லாம் ஓய்ஞ்சதுக்கு அப்பறம், பவளாயி வெளக்கப் பத்த வச்சு, மவளுக்கும் தனக்கும் ஒரே தட்டுல சோத்தப் போட்டுப் பிசைஞ்சுகிட்டிருந்தப்ப, வாசல்ல காலடி கேட்டுச்சு. ரெண்டு கால்ல வர்ற மாதிரியும் இல்ல, நாலு கால்ல வர்ற மாதிரியும் இல்ல. ஒருத்தரு மட்டும் இல்ல.

"பவளாயி."

அர்த்தனாரி கொரலு. நல்ல கொரலு, கோயில்ல பேசற கொரலு. ஈரமா மட்டும் இருந்துச்சு.

"பவளாயி, வாசப்படியில வந்து நேர்லதான் கேக்கறேன். எங்க மொறைய எடுத்துக்கறியா? ஏரித்தண்ணி பூரா உனக்கே. மடைச் சாவிய உன் கையிலயே குடுத்தர்றேன்."

"எங்களுதும்" அப்படின்னு பழனிமுத்து கொரலு.

"எங்களுதும் பவளாயி." "எங்களுதும் அக்கா." தெரு நீளத்துக்கும் கொரலுங்க, ஒன்னுக்குப் பின்னால ஒன்னு, ஏரித்தண்ணி மொறை எப்படியோ அந்த வரிசையில. அதுக்குப் பின்னால முந்நூறு பேரு மூச்சு விடற சத்தம், கதவு இடுக்கு வழியா உள்ள வந்து வெளக்க ஆட்டுச்சு.

பவளாயி தலையத் தூக்குனா. மாசக்கணக்காப் பழகுன வாயி, யாரு வாசல்ல வந்து கேட்டாலும் ஒரே பதில் சொல்லிப் பழகுன வாயி, அது தன்னால தொறந்துச்சு. அந்த ஒத்த வார்த்தை தொண்டைக்கு வந்துருச்சுன்னு சங்கவிக்குத் தெரிஞ்சுது. தட்டுல இருந்த சோத்த ஒரு உருண்டை புடிச்சு அந்த வாயில வச்சா. பவளாயி மவளப் பாத்துக்கிட்டே மென்னா. மென்னு முழுங்குறதுக்குள்ள அடுத்த உருண்டைய வச்சா.

அப்பறம் சங்கவி கதவப் பாத்து, சத்தம் போடாம, மரியாதையாவே சொன்னா.

"இன்னிக்கு எங்க மொறை இல்லீங்க பெரியப்பா."

கதவு இடுக்குல நாலஞ்சு மூக்கு மோந்து பாத்துச்சு. அப்பறம் வாசப்படிக்கு அடியில யாரோ மண்ணத் தோண்ட ஆரம்பிச்சாங்க.